நல்ல தண்ணிக்கு இடப்பக்கம்

"வெளியூர்க்காரன் கடலைப் பாத்ததும் முதல்ல செருப்பைக் கழத்துவான், அப்புறம்..."

அப்புறம் இன்னொன்றையும் கழற்றுவான் என்று எங்கள் சித்தப்பா சொல்வார் சார். சட்டையா, கைக்கடிகாரமா, புத்தியா, எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அதைப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல மாட்டார். நீங்கள் செருப்போடு நிறுத்திக்கொண்டீர்கள், நல்லது. அதை அந்தப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வையுங்கள், இங்கே ஒரு நாய் திரிகிறது. தூண்டிலை இந்தத் தூணில் சாய்த்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கியதா? அழகாக இருக்கிறது. மீனுக்கும் பிடிக்கும்.

மீன் பொரிந்து வர இன்னும் அரைமணி நேரம் ஆகும். அதற்குள் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கடலுக்குப் போவது நல்லதா, காயலுக்குப் போவது நல்லதா என்றுதானே கேட்டீர்கள்? அந்த 'நல்ல' என்ற சொல்லை மட்டும் இந்தக் கரையில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். போன ஐப்பசியில் அந்த ஒரு சொல்லால் எங்கள் குடும்பம் இரண்டாகப் பார்த்தது.

என் பெயர் தத்தேயு. நாற்பத்தெட்டு வயது. பிறந்தது இதே கரைதான். எட்டாவது வரை இங்கே பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ், அதற்குப் பிறகு மாமா வீட்டில் தங்கித் திருவனந்தபுரத்தில் இங்கிலீஷ். இரண்டிலும் எழுதுவேன், பேசுவேன். நான் பேசினால் ரேடியோவில் மாநிலச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி பெர்னதத் அடிக்கடி சொல்வாள். பாராட்டுத்தான். பதினெட்டு வருடம் மஸ்கட்டில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் இருந்தேன். கப்பலில் ஏறியதுண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விமானக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனெல்லாம் பறக்கிறானா?

கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சார். நான் கடலை மதிக்கிறவன். கொஞ்சம் தள்ளி நின்று மதிக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு திரும்பி வந்தேன். வந்த மறுமாதம் இந்த யோசனை எனக்குத் தோன்றியது. ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் அலையைப் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் அலுத்துப்போகும். அவர்களைத் தூண்டிலோடு கூட்டிக்கொண்டு போனால் என்ன? எனக்குத்தான் தோன்றியது. பெர்னதத் அப்போது சோறு போட்டுக்கொண்டே, "ரிசாட்டுக்கு வாறாவள மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போலாமே, நீங்க காயல் பக்கம், லியோன் கடல் பக்கம்" என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

லியோன் அவளுடைய தம்பி. முப்பத்துநாலு வயது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தே அடியில் இருப்பது பாறையா சேறா என்று சொல்வான். சொல்வான் என்பது பேச்சுக்குத்தான், தலையை ஆட்டுவான். அவனுக்கு வாய் என்பது பீடிக்கும் கஞ்சிக்கும் மட்டும். அதற்கு முன்பு தங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தான். தங்கல் என்றால் கொச்சியிலிருந்து போகிற பெரிய படகு. போனால் முப்பது நாள், நாற்பது நாள் நடுக்கடலிலேயே தங்கித் தொழில். என் மாமனாரும் தங்கலுக்குப் போனவர்தான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதனால் லியோன் போகிற ஒவ்வொரு முறையும், அவன் திரும்பி வரும்வரை பெர்னதத் மீன் தொட மாட்டாள். நாற்பது நாள் வீட்டில் சாம்பார். லீவில் வந்திருந்தால் எனக்குத்தான் கஷ்டம். அவன் கரையோடு நின்றால் போதும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் என் தொழிலுக்குக் கடல் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்பட்டான்.

முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. நான் தோணியில் ஆட்களை ஏற்றி, ஆற்றுத் தண்ணி தேங்கிக் கிடக்கிற காயலுக்குள் போவேன். கெண்டை, கரிமீன், கெளுத்தி. லியோன் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குப் போவான். பாரை, சீலா, சில நாள் நெய்மீன். இரண்டு பக்கத்து மீனும் மத்தியானம் இந்தக் கொட்டகைக்கு வரும். பெர்னதத் பொரித்துக் கொடுப்பாள். ஆனால் ஒரு குறை. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வந்து, "மீன் நிறைய கிடைத்தது, ஆனால் ஓட்டுகிறவர் கோபமாக இருந்தாரே" என்பார்கள். கோபமில்லை, அவன் அப்படித்தான். நாலு மணி நேரத்தில் இரண்டே சொல்: "பிடிங்க", "விடுங்க". என் தோணியில் மீன் குறைவு. ஆனால் பேச்சு, சார்! கெண்டைக்கு ஏன் மீசை இல்லை என்பதிலிருந்து ஓமான் சுல்தான் வரைக்கும் வரும். ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள்.

சிலர் இறங்கும்போது தூங்கியிருப்பார்கள். காயல் காற்று அப்படி.

போன வருடம் ஐப்பசி லீவுக்குக் கூட்டம் வரும் என்று ஒரு போர்டு எழுதினேன். அதோ, பூவரசு நிற்கிற முக்கு தெரிகிறதா? அங்கே. இடப்பக்கம் அம்புக்குறி போட்டு 'நல்ல தண்ணி மீன்பிடிப்பு'. வலப்பக்கம் அம்புக்குறி போட்டு 'உப்புத் தண்ணி மீன்பிடிப்பு'. நீலப் பெயின்ட், ஓரத்தில் வெள்ளைக் கரை, என் கையெழுத்து. கீழே இங்கிலீஷிலும் உண்டு. இங்கிலீஷில் தகராறே இல்லை பாருங்கள். 'பிரெஷ் வாட்டர்' என்று எழுதினால் மற்றது ஊசிப்போன தண்ணி என்று யாரும் நினைப்பதில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஐந்து குடும்பம் வந்தது. ஐந்தும் இடப்பக்கம் திரும்பியது. ஒரு அம்மா போர்டைப் படித்துவிட்டுச் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "நல்ல தண்ணிப் பக்கமே போலாங்க. குழந்தைக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காது." தோணி கொள்ளாத கூட்டம். லியோன் வள்ளத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

அப்புறம்தான் வந்தான்.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேள் மாப்ளே."

"நம்ம தண்ணி என்ன கெட்ட தண்ணியா?"

ஒரே மூச்சில் ஐந்து சொல். நான் அசந்துபோனேன். பொறுமையாக விளக்கினேன். நல்ல தண்ணி என்பது நாம் காலகாலமாகச் சொல்லுகிற சொல், நல்ல தண்ணிக் கிணறு என்கிறோம், நல்ல தண்ணிக் குழாய் என்கிறோம், அதற்காக மற்றது கெட்டது என்று அர்த்தமா? அவன் கேட்டுக்கொண்டே நின்றான். முடிவில், "வாறவிய கேக்காவளே" என்றான். ஆட்கள் அப்படிக் கேட்கிறார்களாம்.

சரி என்று அன்றைக்கே மாற்றினேன். என்னைப் பிடிவாதக்காரன் என்று சொல்லக் கூடாது. இடப்பக்கம் 'நன்னீர்', வலப்பக்கம் 'உவர்நீர்'. சுத்தமான தமிழ். ஒரு குழந்தை எழுத்துக்கூட்டி, "உ... வ... உவ்வே நீர்" என்று படித்தது. அதுவும் என் குற்றமா? அந்த வாரமும் எல்லோரும் இடப்பக்கம்தான். தமிழ் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய?

மறுநாள் காலை பார்க்கிறேன், என் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு உடைந்த பலகை. தாரில் எழுதியிருக்கிறது. வலப்பக்கம் அம்புக்குறி. 'மீன் உள்ள தண்ணி'.

டீக்கடையில் சிரித்த சிரிப்பு இங்கே கேட்டது. அன்றைக்கு வந்த கூட்டம் முழுக்க வலப்பக்கம் போய்விட்டது. நான் சும்மா இருப்பேனா? என் பக்கத்து நன்னீருக்குக் கீழே எழுதினேன்: 'வாந்தி வராத தண்ணி'. எல்லோரும் நின்று படித்தார்கள், திரும்பி இடப்பக்கம் வந்தார்கள். மறுநாள் லியோன் தன் பலகையைக் கவிழ்த்து, பின்பக்கத்தில் எழுதி மாட்டினான்.

'அத்தான் வராத தண்ணி'.

அதில் பிழை எதுவும் இல்லை. எழுத்துப்பிழையைச் சொல்கிறேன். ஆனால் வாசிக்கிறவனுக்கு அத்தான் யார் என்று தெரிய வேண்டாமா? தெரியாதவர்கள் டீக்கடையில் விசாரித்தார்கள். டீக்கடைக்காரர் ஆதிமுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று முதல் ஊரில் எனக்குப் பெயர் கெண்டை. "கெண்ட வாறாரு, வழி விடு." நான் சிரித்துக்கொள்வேன். கெண்டை நல்ல மீன்.

பெர்னதத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மத்தியானம் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். நான் ஆறு பேரோடும் ஒரு கூடை கெண்டையோடும் வந்து நிற்கிறேன். லியோன் மூன்று பேரோடும் இரண்டு பாரையோடும் வந்து நிற்கிறான்.

"ரெண்டு போர்டும் இறங்காம அடுப்பு ஏறாது" என்றாள்.

"முதலில் அவன் இறக்கட்டும்" என்றேன்.

லியோன் மீனை ரிசார்ட் ஆட்கள் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் பலகையைப் பிடுங்கினான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் திரும்பி வந்தவன் அக்காளிடம், "கொச்சியில இருந்து விளிச்சாவ. ஞாயித்துக்கிழம பஸ்ஸு. தங்கலுக்குப் போறேன்" என்றான்.

"போகட்டும், நாற்பது நாள்தானே" என்று சொன்னேன். பெர்னதத் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. எனக்கு இரண்டு மொழிதான் படிக்க வரும்.

இருங்கள், சட்டியில் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அவன் பஸ்ஸுக்கு முந்தின நாள், அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான்கு நாள் நல்ல மழை, ஆறு நிறைந்திருந்தது. ஆறும் கடலும் முட்டுகிற இடத்தில் மணல் ஒரு வரப்பு மாதிரி அடைத்துக் கிடக்கும், பொழி என்போம். பொழி அடைத்திருக்கும்வரை காயல் ஆற்றுத் தண்ணி. மழையில் வயல் முங்கும்போது பொழியை வெட்டி விடுவார்கள். வெட்டினால் ஆறு கடலுக்குள் பாயும். கடல் ஏறுகிற நேரத்தில் அது உள்ளே வரும், இறங்குகிற நேரத்தில் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். பிறந்த ஊர் சார்.

காலையில் நான் தோணியை அவிழ்க்கும்போது லியோன் கரையில் நின்றான்.

"அத்தான், நேத்து சாயங்காலம் பொழி வெட்டியாச்சு. இன்னைக்கு தோணி இறக்காதிய."

நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவன், போகிற போக்கில் என் சனிக்கிழமைக் கூட்டத்தைக் கலைக்கப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "சரி மாப்ளே, பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவன் பொழிப் பக்கம் பார்த்தான். பிறகு தன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

தோணியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், திருமூர்த்தி என்று பெயர், பேங்க் மேனேஜர், அவருடைய அம்மா, நான். காயல் அமைதியாகத்தான் இருந்தது. நான் கெண்டையைப் பற்றித் தொடங்கினேன். அந்த அம்மா கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தவர், விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நன்னீருன்னு போட்டிருக்கீங்க. கரிக்குதுங்களே?"

"மழைக்காலத்தில் கொஞ்சம் சுவை மாறும் அம்மா" என்றேன்.

"சொவையா? எங்க ஊர்ல இதுக்கு உப்புன்னு பேருங்க."

அப்போது திருமூர்த்தியின் தூண்டில் வளைந்தது. வளைந்த வளைவு கெண்டை வளைவு இல்லை. இழுத்துப் போட்டால் பாரை! காயல் நடுவில் வெள்ளி மாதிரி பாரை துடிக்கிறது. திருமூர்த்தி குதிக்கிறார், தோணி ஆடுகிறது. "இதுதான் கெண்டையா சார்?" என்று கேட்கிறார். நான் பதில் யோசிப்பதற்குள் கரையில் நிற்கிற தென்னைமரங்கள் நகரத் தொடங்கின. மரம் எங்கே நகரும்? தோணிதான். கடல் இறங்கத் தொடங்கிவிட்டது. மூங்கில் கழியை ஊன்றினேன், அடி தட்டவில்லை. துடுப்பைப் போட்டேன், துடுப்பு என்னை இழுத்தது. திருமூர்த்தி, "சூப்பர் ஸ்பீடு சார்!" என்றார்.

பொழி வாயில் அலை சுவர் மாதிரி நின்றது. அந்த அம்மா முருகனைக் கூப்பிட்டார். நான் என் பங்குக்கு மாதாவைக் கூப்பிட்டேன். தோணி ஒரு அலையில் ஏறி, அடுத்ததில் இறங்கி, எப்படியோ கவிழாமல் வெளியே கடலில் போய் விழுந்தது.

அங்கேதான் திருமூர்த்திக்கு வாந்தி வந்தது. பாவம், பேங்க்காரர். அவர் வாந்தி எடுக்கும்போது பிடிமானத்துக்காக என் நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வயதானவர்கள் பயத்தில் பக்கத்தில் இருக்கிற யாரையாவது தடவுவார்கள். "ஒண்ணுமில்ல கண்ணு, எல்லாம் வந்துரட்டும்" என்றார். மகனைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

லியோன் அங்கே நின்றான் சார். அலைக்கு அந்தப் பக்கம், வள்ளத்தை நிறுத்தி, கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு. ஒரே வீச்சு. கயிறு என் மடியில் வந்து விழுந்தது. மூவரையும் வள்ளத்தில் ஏற்றினான், தோணியைப் பின்னால் கட்டினான். கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி எனக்கு நீட்டினான். திருமூர்த்திக்குக் கொடுக்காமல் எனக்கு ஏன் நீட்டினான் என்று தெரியவில்லை. பதற்றமாக இருந்திருப்பான்.

"நீ எதற்கு இங்கே வந்தாய்?" என்று கேட்டேன்.

"சும்மா."

கரைக்கு வருவதற்குள் திருமூர்த்தி இன்னும் இரண்டு பாரையும் ஒரு சீலாவும் பிடித்தார். வாந்தி எடுத்த மனிதருக்கு என்ன தெம்பு பாருங்கள்! அந்த அம்மா லியோனிடம், "இது என்ன மீனு தம்பி, இத்தன நீளமா இருக்குது?" என்று கேட்டார். லியோன், "ம்" என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வள்ளத்தின் அடியில் படுத்துக் கண்ணை மூடியிருந்தேன், ஓய்வாக. படுத்தபடியே சொன்னேன்: சீலாவின் பல்லைப் பற்றி, அது கூட்டமாக வருகிற மாதத்தைப் பற்றி, மஸ்கட் சந்தையில் அதற்கு என்ன பெயர் என்பது பற்றி. நடுவில் இரண்டு மூன்று முறை நிறுத்தி, விளிம்பில் எட்டிக் கடலைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தேன். அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். கரையில் இறங்கும்போது சொன்னார்: "புடிக்கிறவரு ஒருத்தரு, பேசறவரு ஒருத்தரு. ரண்டு பேரும் ஒரே படகுல இருந்தாத்தானுங்க நல்லாருக்குது."

கரையில் ஆள் கூடிவிட்டது. "கெண்டைக்கு என்னல ஆச்சு? முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டார்கள்.

லியோன், "கோயம்புத்தூருக்காரருக்குத் தலைசுத்து" என்றான். உண்மையைத்தானே சொன்னான். திருமூர்த்தியும் உடனே தலையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர்.

சாயங்காலம் பெர்னதத் என் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையாக. கடல் தண்ணி பட்ட கறை லேசில் போகாது.

"இஞ்ச பாருங்க" என்றாள். "அவன் இன்னைக்கு அங்க எதுக்கு நின்னான்னு கேட்டியளா?"

"சும்மா நின்றானாம்."

"நீங்க சொன்னாக் கேக்க மாட்டீயன்னு தெரிஞ்சு நின்னான். தண்ணி ஒழுக்கு உங்கள வெளிய தள்ளும்னு தெரிஞ்சு நின்னான். கயித்தையும் எலுமிச்சங்காயையும் எடுத்துட்டுப் போயி நின்னான்." சட்டையைப் பிழிந்தாள். "நாளைக்கு அவன நடுக்கடலு தள்ளுனா, அங்க கயித்தப் பிடிச்சிட்டு யாரு நிப்பா?"

பதிலை மாநிலச் செய்தியில் தேடினேன், வானிலை அறிக்கைகூட வரவில்லை. "எங்க அப்பாவுக்கு யாரும் நிக்கல" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையைக் கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லியோன் கோயில் வாசலில் நின்றான். தோளில் பை. கொச்சி பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

"மாப்ளே, கோபமா?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தான்."

"போர்டை எடுத்துவிட்டேன். இன்று காலை."

"போர்டுல ஒண்ணும் இல்ல அத்தான்." செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்குப் பேச்சு வராது. வாறாவ எல்லாம் பேச்சுக்குத்தான் வாறாவ. மீன் அவியளுக்கு ரெண்டாவதுதான். பேசாமத் தொழில் செய்யதுக்குத் தங்கல்தான் சரி. அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாவ."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. பெர்னதத் கொஞ்சம் தள்ளி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேறு யாரோடோ பேசுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். நான் அவன் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ரிசார்ட்டிலிருந்து வந்த நாலு பேரோடு, லியோன் பிடித்து நிறுத்திய வள்ளத்தில் ஏறி, பேசுவதற்கு வசதியாக முன்பலகையில் உட்கார்ந்தேன்.